வெளிநாட்டில் தொண்டு செய்ய திருமலையில் இருந்து நாம் ஏன் போவதில்லை?

மட்டிக்கழிப் பொடியன் | திருகோணமலை

வணக்கம். இங்கே ஆஸ்பத்திரி ஆட்கள், ஆசிரியர்கள், ஹோட்டல்காரர் எல்லோரும் இருப்பதால் கேட்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு வந்தார்கள், சண்டை முடிந்த பிறகு வந்தார்கள். இப்போது சீசனுக்கு உப்புவெளி வருகிறவர்களிலும் சிலர் "ஏதாவது பள்ளிக்கூடத்தில் உதவலாமா" என்று கேட்கிறார்கள். ஆனால் திருமலையில் இருந்து ஒருவர் இன்னொரு நாட்டுக்குத் தொண்டராகப் போய்வந்த கதை காதில் விழுவதே இல்லை. கட்டாருக்குப் போவோம், துபாய்க்குப் போவோம், காணியை விற்றாவது கனடாவுக்குப் போவோம். "ஆபிரிக்காவில் ஒரு கிராமத்தில் இரண்டு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு வருகிறேன்" என்று நான் வீட்டில் சொன்னபோது மாமா கேட்ட முதல் கேள்வி, "ஏன், இங்கே ஏதும் பிரச்சினையா?"

பிரச்சினை ஒன்றும் இல்லை. கோணேசபுரி கம்பஸில் படித்தேன், வெருகல் பக்கம் படிப்பிக்கிறேன். இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்து ஒரு பக்கம் கணக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் விளங்கப்படுத்துவது, கரண்ட் போன நாளிலும் பாடத்தை முடிப்பது, வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடம் மூடினால் விட்ட இடத்தைப் பிடிப்பது, எல்லாம் நமக்குக் கைவந்த வேலை. லண்டனில் படித்துவிட்டு நேரே வருகிறவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அப்படியானால் வசதி குறைந்த இன்னொரு நாட்டுக்குப் போகப் பொருத்தமான ஆள் யார்?

போனவர்கள், போக நினைத்தவர்கள், போகாதே என்பவர்கள், எல்லோரும் எழுதுங்கள்.


சீனக்குடா சின்னவன் | சீனக்குடா

தம்பி, இங்கே தொண்டர் ஆசிரியர்கள் சம்பளமில்லாமல் வருடக்கணக்காகப் படிப்பித்துவிட்டு நிரந்தர நியமனம் கேட்டு ஆளுநர் அலுவலகத்துக்கு முன்னால் வெயிலில் நின்றதை நீர் பார்க்கவில்லையா? உள்ளூரில் சும்மா வேலை செய்து கண்ட பலன் அது. இனி பிளேன் ஏறிப் போய்ச் சும்மா வேலை செய்ய வேண்டுமாம். நல்லா இருக்கு.


உப்புவெளி ஹோஸ்டல் | உப்புவெளி

நான் இந்த விசயத்தை மறுபக்கம் இருந்து பார்க்கிறவன். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை எங்கள் இடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். நல்ல பிள்ளைகள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிலர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு கிழமை கழித்து எல்ல பக்கம், மிரிஸ்ஸ பக்கம் போய்விடுவார்கள். அடுத்தவர் வருவார்.

வருகிற ஒவ்வொருவரும் "மை நேம் இஸ்" என்பதில் இருந்துதான் தொடங்குவார்கள். முன்னவர் எதுவரை வந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கும் வழக்கம் கிடையாது. பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். ஆனாலும் புது அக்கா மனம் நோகக்கூடாதே என்று முதல் தடவை கேட்கிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சொல்லும். ஒரு சின்னப் பெட்டை என்னிடம் கேட்டாள், "அங்கிள், இந்த அக்காவுக்கும் நிறங்கள் தெரியாதா?" என்று. ஆளாளுக்கு வந்து சிவப்புத் துணியைக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டால் பிள்ளை வேறு என்ன நினைக்கும்!

இன்னொன்று. சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை செய்யக்கூடாது என்பதுதான் இங்கே சட்டம். அது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் கண்டுகொள்வதில்லை. நீங்கள் வெளியே போகும்போது அந்த நாட்டுச் சட்டத்தையும் முதலில் பாருங்கள்.


ரிட்டயர்ட் மாஸ்டர் | உட்துறைமுக வீதி

ஹோஸ்டல் தம்பி சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அதை வைத்து வெளிநாட்டுத் தொண்டே வீண் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இரண்டு கிழமைக்காரரும் தொண்டர்தான், ஆயுளைக் கொடுத்தவரும் தொண்டர்தான்.

கிழக்குக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லீன்ஸ் பகுதியில் இருந்து இயேசு சபைக் குருமார் வந்தார்கள். திருமலையிலும் மட்டக்களப்பிலும் படிப்பித்தார்கள். அவர்களில் யூஜின் ஹேபர்ட் பாதிரியார் 1948 இல் வந்தவர். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியே பெயர் எடுத்தவர். ஊர் பற்றி எரிந்த 1990 இலும் அவர் கிளம்பவில்லை. அந்த ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையில் இருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பியவர் போய்ச்சேரவே இல்லை. கூட வந்த தமிழ்ப் பொடியனும் அவரோடேயே காணாமல் போனார். "அவர் துறவி, அது வேறு கணக்கு" என்று நீங்கள் சொல்லலாம், சரி. ஆனால் அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் அவரை நம் ஆள் என்றுதான் கதைப்பார்கள்.

துறவி அல்லாதவர்கள் போகத் தொடங்கிய கதையும் பழையதுதான். அவுஸ்திரேலியாவில் இருந்து பட்டதாரிகள் 1951 இலேயே இந்தோனேசியாவுக்குப் போனார்கள். அந்த நாட்டு உத்தியோகத்தருக்கு உள்ள சம்பளம்தான் அவர்களுக்கும், அதே மாதிரி இருப்பிடம்தான். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுவே. பிரித்தானியாவில் வெளிநாட்டுக்குத் தொண்டர் அனுப்புகிற வி.எஸ்.ஓ. நிறுவனம் 1958 இல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1961 இல் அமைதிப் படை (பீஸ் கோர்ப்ஸ்) என்ற தொண்டர் திட்டத்தை ஆரம்பித்தார், அடுத்த வருடமே அதன் முதல் குழு இலங்கைக்கு வந்து இறங்கியது. ஜப்பானின் தொண்டர் திட்டம் 1965 இல் தொடங்கியது, இங்கே 1981 இல் இருந்து வருகிறார்கள். வருகிறதற்கு முன்பே மொழி படித்துவிட்டுத்தான் வருவார்கள்.

இதில் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற ஒரு விசயம் உண்டு. வி.எஸ்.ஓ. தொடங்கிய அதே 1958 இல்தான் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படிப்பித்த ஆரியரத்ன தன் மாணவரைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்குப் போய்ச் சிரமதானம் செய்தார். இங்குள்ள சர்வோதய இயக்கம் அதில் பிறந்தது. லண்டனில் ஒருவருக்குத் தோன்றிய அதே யோசனை அதே வருடத்தில் இங்கேயும் தோன்றியிருக்கிறது. ஆகவே தொண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த சாமான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரேயொரு வித்தியாசம், நம்முடையது கரையைத் தாண்டவில்லை. அதுவும் முழுதாகச் சரியில்லை! ஹட்சன் சில்வா டொக்டர் 1961 இல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். 1964 இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பினார்கள், பிறகு எத்தனையோ நாடுகளுக்குப் போனது. நம் ஆட்களின் கண் போகிறது, ஆள்தான் போகிறதில்லை.


கிண்ணியாப் பாலம் | கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். மாஸ்டர் சுனாமியைத் தொடாமல் போய்விட்டார், அதை நான் எழுதுகிறேன்.

அன்றைக்கு எங்களுக்குப் பாலம் இல்லை, பாதை என்கிற மிதவைப் படகுதான். இந்தப் பாலம் 2009 இல் திறந்தது. கடல் எங்கள் ஆஸ்பத்திரியையே அடித்து நொறுக்கிவிட்டது. காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள், மையித்து அடக்கியவர்கள், பள்ளிவாசலில் சோறாக்கிப் போட்டவர்கள் எல்லாம் ஊர் ஆட்கள். வெளிநாட்டார் வந்தது அதற்குப் பிறகு. வந்தவர்களில் தண்ணீர் சுத்திகரிக்கத் தெரிந்தவர்கள், ஆஸ்பத்திரிக் கூடாரம் அடிக்கத் தெரிந்தவர்கள், அகதிகளாக நின்ற ஆட்களைப் பதிவு செய்யத் தெரிந்தவர்கள் பொன்னான ஆட்கள். இன்னும் கொஞ்சப் பேர் வந்தார்கள், என்ன செய்யத் தெரியும் என்று கேட்டால் "எதுவும் செய்வேன்" என்பார்கள். அவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதே எங்களுக்கு ஒரு வேலை. மூட்டை மூட்டையாகக் கம்பளிச் சட்டை வந்தது, கிண்ணியா வெயிலுக்கு! படகும் வந்தது, சிலது கடலுக்கே இறக்க முடியாத படகு. மீன் பிடிக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எந்த அளவு, எந்த எஞ்சின் என்று சொல்லியிருப்பான்.

அப்புறம் மூதூர். 2006 ஓகஸ்டில் ஏ.சி.எப். என்ற நிவாரண நிறுவனத்தின் 17 ஊழியர்களை அங்கே சுட்டுக் கொன்றார்கள். பிரான்ஸ் நிறுவனம்தான், ஆனால் செத்த 17 பேரும் நம் நாட்டு ஆட்கள். தமிழரும் இருந்தார்கள், ஒரு முஸ்லிமும் இருந்தார். வெளிநாட்டுத் தொண்டு என்று கதைக்கும்போது அதைச் சுமந்து நிற்கிற உள்ளூர்க்காரனை மறந்துவிடாதீர்கள். வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் அந்த ஊர் ஆளுக்குப் பின்னால் நின்று வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது போதும், மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம்.


மட்டிக்கழிப் பொடியன் | திருகோணமலை

காக்கா, நீங்கள் எழுதியதைத்தான் நான் வேறு மாதிரிச் சொல்ல நினைத்தேன். எந்தத் தொண்டர் பிரயோசனம், எந்தத் தொண்டர் தலையிடி என்று நம் மாவட்டத்து ஆளுக்குப் பார்த்தவுடனே தெரியும். அது தெரிந்தவன் போவதுதான் நல்லது என்கிறேன்.

போய்வந்தவர் ஒருவராவது இருக்கிறீர்களா?


வார்ட் அக்கா | ஆலஸ் தோட்டம்

இருக்கிறேன் தம்பி. நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மகப்பேற்றுப் பிரிவில் நிறையக் காலம் வேலை செய்த தாதி. மலாவி நாட்டில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் தொண்டராகப் போனேன். டிக்கெட், இருக்க வீடு, மருத்துவக் காப்புறுதி, சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மாதப் படி எல்லாம் தந்தார்கள். மிச்சம் பிடித்து வீடு கட்ட முடியாது, பட்டினியும் கிடக்க வேண்டாம்.

போன புதிதில் நான் பட்ட அதிர்ச்சி மலேரியா. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது. நம் இளம் தாதிமார் அதைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள். அங்கே மழைக்காலத்தில் பிள்ளைகள் வார்ட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், மூன்று பேர். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று என் சீனியர் மிஸ் சொன்னதை அங்கேதான் நம்பினேன். "எங்கள் நாட்டில் இதை ஒழித்துவிட்டோம்" என்று நான் சொன்னபோது அங்குள்ள மேட்ரன் எப்படி, எப்படி என்று துருவித் துருவிக் கேட்டார். மருந்தடித்தது, வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்தது, நோயாளி எந்த ஊருக்குப் போய்வந்தார் என்று பின்தொடர்ந்தது எல்லாம் சொன்னேன். ஐரோப்பாவில் இருந்து வந்தவர் சொல்லியிருந்தால் "உங்களிடம் காசு இருந்தது" என்றிருப்பார். என்னிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

அதே மாதிரித்தான் மருத்துவிச்சி விசயமும். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்றைக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு பெண் கர்ப்பமானால் அந்தப் பகுதி மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வந்து கார்ட் போடுவார். நாம் அதைப் பெரிதாக நினைப்பதே இல்லை, மிஸ் ஒரு நாள் வராவிட்டால் திட்டத்தான் தெரியும். அங்கே போனால்தான் அதன் அருமை விளங்கும்.

அங்கே பிரசவத்துக்கு வருகிற தாய் ஒரு கூடையோடு வருவாள். கட்டிலில் விரிக்கக் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், ஒரு பேசின், சித்தெஞ்சே என்ற பூப்போட்ட துணி இரண்டு மூன்று, எல்லாம் அவளே கொண்டுவர வேண்டும். தன் நோய் விவரம் எழுதிய சின்னக் கொப்பியையும் அவளே வைத்திருப்பாள். கூட வந்த சொந்தக்காரர் ஆஸ்பத்திரி வளவிலேயே ஒரு கொட்டிலில் தங்கி அடுப்பு மூட்டிச் சோளமாக் களி கிண்டுவார்கள். காலையில் அந்தப் புகையைத் தாண்டித்தான் வார்ட்டுக்குப் போவேன்.

முதல் கிழமை நேரே வேலை விசயத்தில் இறங்கிவிடுவேன். இது ஏன் இங்கே இருக்கிறது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று. யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள், ஆனால் ஒன்றும் நடக்காது. மேட்ரன்தான் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: இங்கே முதலில் சுகம் கேட்க வேண்டும், இரவு எப்படி நித்திரை கொண்டீர்கள் என்று கேட்க வேண்டும், அவர் திருப்பிக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றக் கதை. நம் ஊரிலும் அப்படித்தானே, வாசலில் நின்று "சுகமா, சாப்பிட்டாச்சா" என்று கேட்காமல் யார் காரியம் பேசுவார்கள்? அதற்குப் பிறகு வேலை ஓடியது. பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கிற பார்ட்டோகிராப் தாளை நேரத்துக்கு நேரம் நிரப்புவது, டியூட்டி மாறும்போது கட்டிலுக்கருகில் நின்று ஒவ்வொரு தாயாக ஒப்படைப்பது, இந்த இரண்டையும் அங்குள்ள இளம் தாதிமாரோடு சேர்ந்து பழக்கமாக்கினோம். நான் வந்த பிறகும் நடக்கிறதாம். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார்கள்.

நான் படித்ததையும் சொல்ல வேண்டும். நிறைமாதத்துக்கு முன் பிறந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு வெறும் தோலில் ஒட்டவைத்துத் துணியால் கட்டிவிடுகிற கங்காரு முறை எல்லாருக்கும் தெரியும். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்தில் எழுபதுகளின் கடைசியில் தொடங்கியது. நான் பாடத்தில் படித்துப் பரீட்சை எழுதியவள். ஆனால் ஒரு பெரிய அறை முழுக்கத் தாய்மார் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு வரிசையாக இருந்து கதைத்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருப்பதை அங்கேதான் கண்டேன். இன்குபேட்டர் போதாத இடத்தில் அதுதான் இன்குபேட்டர். கையளவு குழந்தை, தாய் மூச்சு விடும்போது அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். இப்போது இங்கே தாய்மாருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்போது எனக்குப் பயமில்லை, அவ்வளவு பார்த்துவிட்டேன்.

போங்கள் என்றுதான் சொல்வேன். இருபது வயதில் அனுபவம் தேடி வேண்டாம். கையில் ஒரு தொழில் ஏறிய பிறகு போங்கள்.


சீனக்குடா சின்னவன் | சீனக்குடா

அக்கா எழுதியதை ஒரே மூச்சில் வாசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நம் ஆஸ்பத்திரிகளிலேயே ஆள் காணாது. 2022 க்குப் பிறகு டொக்டர்மார், தாதிமார் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள். இந்த நேரத்தில் இன்னும் ஆட்களை மலாவிக்கு அனுப்பச் சொல்வது சரியா? முதலில் வீட்டைப் பார்க்க வேண்டாமா?


வார்ட் அக்கா | ஆலஸ் தோட்டம்

தம்பி, நல்ல கேள்விதான். 2022 நெருக்கடியில் அரசாங்கமே சுற்றறிக்கை போட்டது, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போய் வேலை செய்யலாம் என்று. டொலர் வேண்டும் என்பதற்காக. அப்போது யாரும் வீட்டைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கவில்லை. தொண்டுக்குப் போகிறவளிடம் மட்டும் ஊர்ப்பற்றைக் கேட்கிறீர்கள்!

ஆனால் உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் போன காலத்தில் என் வார்ட்டில் ஒரு ஆள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள், அந்தப் பாரம் யார் மேலோ விழுந்திருக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் திரும்பி வந்தேன், கூடக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தேன், அவ்வளவுதான் சொல்லலாம். திரும்பி வராதவர்களும் இருப்பார்கள்.


கடற்கரை வீதி | திருகோணமலை

நான் சிறுவர் நன்னடத்தைப் பக்கம் வேலை செய்கிறேன். எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை: காசு கட்டி அநாதை இல்லத்தில் தொண்டு செய்யக் கூப்பிடுகிற எந்த நிறுவனத்தோடும் போகாதீர்கள், இங்கிருந்து நேபாளத்துக்கோ கம்போடியாவுக்கோ ஆனாலும் சரி. இல்லங்களில் இருக்கிற பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், நம் நாட்டிலும் அதேதான். வறுமையால் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்க்க வருகிறவன் காசு தருகிறான் என்றால் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிற ஆட்களும் கிளம்பிவிடுவார்கள். அவுஸ்திரேலியா 2018 இல் நவீன அடிமை முறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் சேர்த்துத்தான் பேசினார்கள். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் இல்லங்களில் தொண்டுச் சுற்றுலாவால் வரும் கெடுதலைச் சொன்னது.

கிழமைக்குக் கிழமை புதுசு புதுசாக அன்பு காட்ட ஆள் வந்து, அவர்கள் எல்லோரும் போய்விட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று நான் தினமும் பார்க்கிறேன். அதிகம் எழுத விருப்பமில்லை.


இரண்டு பிள்ளைத் தாய் | பாலையூற்று

வார்ட் தங்கச்சி, கோபிக்காதீங்கோ. உங்களுக்கு அனுப்ப வீட்டில் எப்படி மனம் வந்தது? என் மகள் சமூகவியல் படிக்கிறாள், இந்த இழையை அவள்தான் காட்டினாள். கலியாணப் பேச்சு வரும் நேரத்தில் ஆபிரிக்கா போனாள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?


வார்ட் அக்கா | ஆலஸ் தோட்டம்

அக்கா, கோபம் ஏன். சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களை ஊர் என்ன சொன்னது? வாய் பேசிக்கொண்டேதான் இருந்தது, அவர்கள் அனுப்பிய காசில் வீடும் எழும்பிக்கொண்டேதான் இருந்தது. என் வீட்டில் ஆறு மாதம் யாரும் ஒழுங்காகக் கதைக்கவில்லை. நான் தங்கப்போகும் வீடு, பக்கத்து வீட்டுத் தாதி, ஆஸ்பத்திரி கேற் எல்லாவற்றையும் வீடியோவில் காட்டிய பிறகுதான் அம்மா சமாதானமானார். மகளைப் படித்து முடித்து ஒரு வேலையில் கொஞ்சக் காலம் இருக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது ஆசைதான்.


மண்டபம் 90 | உவர்மலை

நான் ஒன்று சொல்லலாமா. 1990 இல் நாங்கள் வள்ளத்தில் ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்தோம். அங்கே மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார்? திருமலையில் ஏ.எல். எடுத்துவிட்டு வந்த அண்ணாமார், அக்காமார்தான். சோக்கட்டி இருந்தால் பலகை இருக்காது, சுவரில் எழுதினோம். அந்நிய நாட்டில் அகதியாக இருந்துகொண்டே தொண்டு செய்தவர்கள் நம்மாட்கள். யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. திருமலையில் இருந்து யாரும் போகவில்லை என்று முதல் பதிவில் இருந்தபடியால் எழுதினேன்.


மட்டிக்கழிப் பொடியன் | திருகோணமலை

அன்ரி, இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

இப்போது எப்படிப் போவது என்ற பகுதிக்கு வருவோம். ஐ.நா. தொண்டர் திட்டத்தைப் பற்றித் தேடிப் பார்த்தேன். 1970 இல் பொதுச்சபை தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியில் பொன் நகரம். இப்போது அதில் போகிறவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போன்ற நாட்டுக்காரர்தான். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு, 27 க்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு வேறு பிரிவு. வி.எஸ்.ஓ.விலும் கென்யாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்று போகிறார்கள். வேறு ஏதும் தெரிந்தவர்கள்?


ரிட்டயர்ட் மாஸ்டர் | உட்துறைமுக வீதி

ஐ.நா. திட்டத்தில் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் தொண்டு செய்யவும் இடம் உண்டு. மொழிபெயர்ப்பு, வரைபடம் தயாரித்தல், பாடத்திட்டம் எழுதுதல் மாதிரி வேலைகள். பாலையூற்று அம்மாவின் மகளுக்கு அது நல்ல தொடக்கம். வீட்டிலும் சண்டை வராது.

இரண்டு விசயம் கவனியுங்கள். ஐ.நா. எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் காசு கேட்காது. "தொண்டர் விசா எடுத்துத் தருகிறேன், இத்தனை லட்சம் கட்டு" என்று எவனாவது வந்தால் அவன் ஏஜென்சிக்காரன், வாசலோடு அனுப்பிவிடுங்கள். மற்றது, வெளிநாட்டுக்குத் தொண்டராக எடுக்கும்போது உள்ளூரில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். டெங்குக் காலத்தில் வளவு துப்புரவாக்கியது, வெள்ளத்துக்குச் சமைத்துக் கொடுத்தது எல்லாம் கணக்கில் வரும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்திலேயே சங்கத்திடமோ கிராம சேவகரிடமோ ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நம் பிள்ளைகள் வேலை செய்வார்கள், கடிதம் வாங்க வெட்கப்படுவார்கள்.


சீனக்குடா சின்னவன் | சீனக்குடா

சரி, எல்லோரும் சேர்ந்து என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் இது எல்லாம் டீச்சருக்கும் தாதிக்கும்தானே. நான் ஏ.சி., பிரிட்ஜ் திருத்துகிறவன். என்னை எவன் கூப்பிடப் போகிறான்.


வார்ட் அக்கா | ஆலஸ் தோட்டம்

தம்பி, அங்கே தடுப்பூசி எல்லாம் பிரிட்ஜில் இருக்க வேண்டும், இரண்டில் இருந்து எட்டு டிகிரிக்குள். கரண்ட் நாளுக்கு எத்தனை தரம் போகும் என்று சொல்ல முடியாது. தூரக் கிராமத்து நிலையங்களில் சோலார் பிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். ஒன்று பழுதானால் ஊசியைக் குளிர்ப்பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஸ்டோரில் நன்கொடையாக வந்த ஒட்சிசன் மெசின்கள் தூசு பிடித்துக் கிடந்தன. சிலதுக்கு ஒரு பில்டரை மாற்றினால் போதும், மாற்றத்தான் ஆள் இல்லை. திருத்தத் தெரிந்தவன் வருகிறான் என்றால் மேட்ரன் கேற்றுக்கே வந்து நிற்பார்.


சீனக்குடா சின்னவன் | சீனக்குடா

உண்மையாகவா?


கிண்ணியாப் பாலம் | கிண்ணியா

தம்பி, எங்கள் ஐஸ் பெக்டரி கம்ப்ரசரை நோன்பு இருபத்தேழாம் இரவில் வந்து திருத்தித் தந்தது நீங்கள்தானே? அந்தப் பெயரைப் பார்த்தவுடனே நினைத்தேன். காசும் வாங்கவில்லை. முதலாளியிடம் சொல்லி ஒரு கடிதம் எடுத்துத் தரவா?


சீனக்குடா சின்னவன் | சீனக்குடா

அது நான்தான் காக்கா. கடிதம் எல்லாம் எதற்கு. சரி, எடுத்துத் தாங்கோ.

அக்கா, என்னிடம் என்.வி.கியூ. லெவல் 4 தொழில் சான்றிதழ் இருக்கிறது. இங்கிலீஷ் கதைத்தால் விளங்கும், திருப்பிக் கதைக்கத்தான் நாக்கு வராது. அது காணுமா?


ரிட்டயர்ட் மாஸ்டர் | உட்துறைமுக வீதி

சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வாரும். மட்டிக்கழித் தம்பியும் வரட்டும், இரண்டு பேருடைய சி.வி.யையும் ஒன்றாகப் பார்ப்போம். சான்றிதழ் மூலப்பிரதியைக் கொண்டுவரவும், போட்டோகொப்பி மங்கலாக இருந்தால் எனக்குக் கண் தெரியாது.